வேரடியில் ஒரு கொடுக்கல் வாங்கல்

காற்றில் கரியமில வாயு கூடினால் பயிருக்கு நல்லது என்கிறார்கள். அந்தக் கணக்கில் மண்ணுக்குக் கீழே இருக்கும் பாதி விட்டுப்போயிருக்கிறது.

பருவநிலை மாற்றம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஓர் ஆறுதல் வாதமும் கூடவே வந்துவிடுகிறது. "கரியமில வாயுதானே பயிரின் உணவு? அது காற்றில் கூடினால் விளைச்சலும் கூடத்தானே செய்யும்?" என்பது அந்த வாதம். இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958-ல் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாயின் மவுனா லோவா எரிமலையில் அளக்கத் தொடங்கியபோது அது 315-ஐ எட்டியிருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நெல், கோதுமை, உளுந்து, நிலக்கடலை, பருத்தி போன்ற பயிர்களுக்கு இந்த வாயு கூடுதலாகக் கிடைத்தால் அவற்றின் இலைகள் அதிகச் சர்க்கரை செய்கின்றன. இலைத்துளைகள் சற்றே மூடிக்கொள்வதால் தண்ணீரும் மிச்சமாகிறது. குளிர்நாடுகளில் கண்ணாடிக் குடில்களில் தக்காளி வளர்ப்பவர்கள் காசு கொடுத்து இந்த வாயுவை உள்ளே செலுத்துவது இதற்காகத்தான்.

ஆனால் இந்தக் கணக்கு இலையோடு நின்றுவிடுகிறது. இலை செய்த சர்க்கரையில் ஒரு பகுதி தண்டு வழியே இறங்கி, வேரிலிருந்து மண்ணுக்குள் கசிகிறது. அங்கே அதை எதிர்பார்த்துக் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. கூடுதல் சர்க்கரையை வாங்கிக்கொண்டு அவை பயிருக்குத் தழைச்சத்தைக் கொண்டுவந்து தரலாம். பயிரோடு அதே தழைச்சத்துக்குப் போட்டியிடலாம். மண்ணில் காலங்காலமாகச் சேர்ந்த மட்கைத் தின்று தீர்க்கலாம். மீத்தேனாக மாற்றிக் காற்றுக்கே திருப்பி அனுப்பலாம். இந்த நான்கில் எது நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கரியமில வாயுவால் நமக்கு ஆதாயமா நட்டமா என்பது முடிவாகிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த வயல்வெளிச் சோதனைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். காற்று தருவது சர்க்கரைக்கான மூலப்பொருள் மட்டுமே. அந்தச் சர்க்கரைக்குக் கைமாறாக என்ன கிடைக்கும் என்பது வேரடியில் முடிவாகிறது. வேரடி உயிர்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதோ மண்ணின் வளத்தையும் நீரையும் நாம் கையாளும் விதத்தைப் பொறுத்தது.

இலையிலிருந்து வேருக்கு

வேரை ஒட்டியிருக்கும் சில மில்லிமீட்டர் மண்ணுக்கு 'ரைசோஸ்பியர்' என்று பெயர் வைத்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி லோரன்ஸ் ஹில்ட்னர். அது 1904-ஆம் ஆண்டு. தமிழில் வேர்மண்டலம் என்கிறோம். பிடுங்கிய செடியை எவ்வளவு உதறினாலும் வேரோடு ஒட்டிக்கொண்டு வருகிறதே ஒரு மண், அதுதான் இது. நாலடி தள்ளி எடுத்த மண்ணைவிட இங்கே நுண்ணுயிர்கள் பல மடங்கு அடர்த்தியாக இருக்கின்றன. காரணம் எளிது: இங்கேதான் சாப்பாடு கிடைக்கிறது. கோதுமை, பார்லி போன்ற தானியப் பயிர்கள் ஒளிச்சேர்க்கையில் சேர்க்கும் கரிமத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதத்தை மண்ணுக்குக் கீழே அனுப்புகின்றன. அதில் ஒரு பகுதி வேராகிறது. மீதியில் கணிசமான அளவு சர்க்கரை, கரிம அமிலம், அமினோ அமிலம், பசைப்பொருள், உதிர்ந்த வேர்ச்செல் என்ற வடிவங்களில் மண்ணுக்குப் போய்ச் சேர்கிறது. செடி இதை வீணாகச் சிந்துவதாக நினைக்கக் கூடாது. மணிச்சத்தும் துத்தநாகமும் தேடித் தரும் வேர்ப்பூஞ்சைகளுக்கும், தழைச்சத்தை நிலைநிறுத்தும் பாக்டீரியாக்களுக்கும் செடி கொடுக்கும் கூலி இது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். மண்ணுக்குள் இருக்கும் காற்றில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் கரியமில வாயு ஏற்கெனவே மிக அதிகம். வெளிக்காற்றைப் போலப் பத்து மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். அப்படியிருக்க, வெளியே 420 பங்கு 550 ஆனால் மண்ணுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு அது உறைக்கவா போகிறது? நேரடியாக உறைக்காது என்பதே உண்மை. வெளிக்காற்றின் மாற்றம் வேரடிக்கு வந்து சேர்வது செடியின் வழியாகத்தான். இலை அதிகமாகச் சமைக்கிறது, வேர் அதிகமாகப் பரிமாறுகிறது. இலைத்துளை சுருங்குவதால் மண்ணில் ஈரம் கூடுதல் நாள் தங்குகிறது. ஆக, நுண்ணுயிர்கள் உணர்வது சாப்பாட்டின் அளவிலும் ஈரத்திலும் ஏற்படும் மாற்றத்தை. இதனால்தான் ஒரே அளவு கரியமில வாயு இரண்டு வயல்களில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. இடையில் நிற்கும் செடியும் மண்ணும் வேறு வேறல்லவா?

தழைச்சத்து இருந்தால்தான்

இதைத் துலக்கமாகக் காட்டியது சுவிட்சர்லாந்துச் சோதனை. சூரிக் நகருக்கு அருகே எஷிகோன் என்ற இடத்தில் 1993 முதல் பத்தாண்டுகள், திறந்தவெளியில் ரைகிராஸ் என்ற தீவனப் புல்லையும் வெள்ளைக் குளோவர் என்ற பயறுவகைத் தீவனத்தையும் 600 பங்கு கரியமில வாயுவில் வளர்த்தார்கள். புல்லுக்குத் தழைச்சத்து உரத்தைத் தாராளமாக இட்ட பாத்திகளில், கூடுதல் வாயுவால் கிடைத்த மகசூல் உயர்வு முதலாண்டில் 7 சதவீதமாக இருந்தது, பத்தாம் ஆண்டில் 32 சதவீதமாக வளர்ந்தது. உரம் குறைவாக இட்ட பாத்திகளில் பத்தாண்டு முழுவதும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கூடவில்லை. காற்றும் வெயிலும் ஒன்றுதான், புல்லும் ஒன்றுதான். தழைச்சத்து இல்லாத இடத்தில் கூடுதல் சர்க்கரை விளைச்சலாகவில்லை. வேரடி நுண்ணுயிர்களும் உடல் வளர்க்கத் தழைச்சத்து வேண்டியவை; சர்க்கரை பெருகும்போது அவை பெருகி, மண்ணில் இருக்கும் கொஞ்சத் தழைச்சத்தையும் தங்கள் உடலுக்குள் பூட்டிக்கொள்கின்றன. தின்றவனுக்குப் பசி அடங்காத நிலை செடிக்கு.

குளோவரின் கதை வேறு. அதற்குத் தழைச்சத்து தரத் தனிக் கூட்டாளி இருக்கிறது. உளுந்துச் செடியையோ நிலக்கடலைச் செடியையோ பூக்கும் பருவத்தில் பிடுங்கி, வேரில் மிளகளவு திரண்டிருக்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் தரும் நிறம் அது. முடிச்சுக்குள் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்தச் சிவப்பே சாட்சி. இந்த வேலைக்கு ஏராளமான சக்தி தேவை. அதைச் சர்க்கரையாகக் கொடுப்பது செடி. எஷிகோனில் சர்க்கரை கூடியதும் குளோவர் காற்றிலிருந்து எடுத்த தழைச்சத்தின் அளவும் கூடியது. உரம் குறைந்த பாத்தியிலும் அது தளரவில்லை.

"நுண்ணுயிர்களை எண்ணிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே" என்று சில ஆய்வுகளைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. அதற்கும் இதே வயலில் பதில் இருக்கிறது. குளோவர் வேர்மண்டலத்தில் மொத்த பாக்டீரியா எண்ணிக்கை குறிப்பிடும்படி மாறவில்லை. ஆனால் குளோவரோடு கூட்டுச் சேரும் ரைசோபியம் மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஊரின் மக்கள்தொகை மாறாமலே ஊரின் தொழில் மாறிப்போவதைப் போன்றது இது. தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நடப்பது தெரியாது. யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

காலம் நீளும்போது பேரமும் மாறலாம் என்று காட்டியது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சீடர் கிரீக் என்ற இடத்துப் புல்வெளிச் சோதனை. நெல், கோதுமை போன்ற சி3 வகைத் தாவரங்கள் கரியமில வாயு கூடினால் பலன் பெறும், மக்காச்சோளம், கரும்பு போன்ற சி4 வகை பெரிதாகப் பலன் பெறாது என்பது பாடப்புத்தக முடிவு. அங்கே முதல் 12 ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. சி3 புற்களின் வளர்ச்சி ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. அடுத்த 8 ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. சி4 புற்கள் 24 சதவீதம் கூடுதலாக வளர, சி3 புற்களின் ஆதாயம் மறைந்துவிட்டது. 2018-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியான இந்த ஆய்வு, காரணத்தை மண்ணில் தேடியது. நுண்ணுயிர்கள் மட்கிலிருந்து தழைச்சத்தை விடுவிக்கும் வேகம் இரு வகைப் புற்களின் அடியிலும் எதிரெதிர்த் திசையில் மாறியிருந்தது. மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டுச் சோதனையை வைத்து எழுதும் விளைச்சல் கணிப்பு எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

சேற்றுக்குள் ஊறும் மீத்தேன்

உலகில் கோடானுகோடி மக்களின் சோறு விளையும் நெல் வயலுக்கு வருவோம். தண்ணீர் கட்டிய வயலில் நெற்பயிரைச் சேற்றோடு பெயர்த்து எடுத்துக் கழுவினால், இளம் வேர்கள் வெள்ளையாகவும் முதிர்ந்த வேர்கள் துருப்பிடித்த கம்பியைப் போலச் செம்பழுப்பாகவும் இருக்கும். அது துருவேதான். ஆக்சிஜன் இல்லாத கருஞ்சேற்றில் உயிர்வாழ நெற்பயிர் தன் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் மெல்லிய காற்றுக்குழல்களை அமைத்துக்கொள்கிறது. அவற்றின் வழியே இறங்கும் ஆக்சிஜன் வேரின் மேற்பரப்பில் கசிந்து, சேற்றில் கரைந்துள்ள இரும்பைத் துருவாகப் படியவைக்கிறது. வேரை ஒட்டிய அந்தச் சிறு வளையத்தில் ஆக்சிஜன் உண்டு. ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் இல்லை. ஆக்சிஜன் இல்லாத பக்கத்தில் மீத்தேன் செய்யும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஆக்சிஜன் உள்ள பக்கத்தில் அதே மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. தப்பிய மீத்தேன் அதே குழல்கள் வழியாக மேலேறிக் காற்றில் கலக்கிறது. வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனில் பெரும்பகுதி இப்படிப் பயிரின் உடல் வழியாகத்தான் போகிறது.

இந்த வயலில் கரியமில வாயுவைக் கூட்டினால் என்ன ஆகும்? ஜப்பானின் இவாத்தே மாநிலத்தில் ஷிசுகுயிஷி என்ற ஊரில் 1998 முதல் அதைச் செய்து பார்த்தார்கள். விவசாயிகளின் நெல் வயல்களிலேயே 12 மீட்டர் அகலத்துக்கு எண்கோண வளையமாகக் குழாய்கள் அமைத்து, காற்று வீசும் பக்கத்திலிருந்து வாயுவைத் திறந்துவிட்டு, வளையத்துக்குள் 200 பங்கு கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். கூரையோ சுவரோ கிடையாது. மழை, வெயில், பூச்சி எல்லாம் வழக்கம்போல. பயிர் தழைத்தது. கூடவே வளையத்துக்குள்ளிருந்து வெளியேறிய மீத்தேன் 1999-ல் 38 சதவீதமும் 2000-ல் 51 சதவீதமும் கூடியது. வேரிலிருந்து கூடுதலாகக் கசிந்த சர்க்கரை மீத்தேன் செய்யும் உயிர்களுக்குத் தீனியானது. கூடுதலாகக் கிளைத்த தூர்கள் அந்த வாயு வெளியேறக் கூடுதல் புகைபோக்கிகளாயின. பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்து 2013-ல் வெளியான கணக்கும் இதையே சொன்னது: கரியமில வாயு கூடினால் நெல் விளைச்சல் சராசரியாக ஏறத்தாழ 25 சதவீதம் கூடுகிறது, மீத்தேனோ 42 சதவீதம் கூடுகிறது. ஆக, ஒரு கிலோ அரிசிக்கு வெளியேறும் பசுமைக்குடில் வாயு குறையாமல் கூடத்தான் செய்கிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 27 மடங்கு என்பதால் இதைச் சில்லறை விஷயமாகத் தள்ள முடியாது.

இதற்கும் மறுப்பு வந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020-ல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு வேறு: வைக்கோலை மண்ணில் மடக்கி உழாத வயலில்தான் கூடுதல் கரியமில வாயு மீத்தேனைக் கணிசமாகக் கூட்டுகிறது, வைக்கோல் சேர்த்த வயலில் அந்தக் கூடுதல் இல்லை, சற்றுக் குறையும் போக்கே தெரிந்தது. வைக்கோல் மட்குவதால் ஆர்க்கியாக்களுக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்துவிடுகிறது. தழைத்த வேர்கள் கசியவிடும் ஆக்சிஜனால் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்களும் வலுப்பெறுகின்றன. வைக்கோலை அமுக்கிவிட்டால் கவலையில்லை என்று இதற்குப் பொருளல்ல; நீர் தேங்கிய வயலில் பச்சை வைக்கோலே மீத்தேனைக் கூட்டுவதுதான். ஆனால் இந்த மறுப்பு நம் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. கூட்டிய வாயுவின் அளவு ஒன்றே. வைக்கோலை என்ன செய்தார்கள் என்பது முடிவையே மாற்றிவிட்டது.

மண்ணின் பழைய சேமிப்பு

கரியமில வாயுவை ஆதரிப்பவர்களின் அடுத்த நம்பிக்கை, கூடுதலாக வளரும் செடிகள் அந்தக் கரிமத்தை மண்ணில் புதைத்துவிடும் என்பது. வளிமண்டலத்தில் இருப்பதைவிட அதிகக் கரிமம் உலகின் மண்ணில் மட்காகச் சேர்ந்திருப்பதால் இது கவர்ச்சியான கணக்கு. ஆனால் நுண்ணுயிர்களுக்குப் புதுச் சர்க்கரை கிடைத்தால் அவை அதோடு திருப்தி அடைந்துவிடுவதில்லை. அந்தச் சக்தியை முதலாகப் போட்டு, தழைச்சத்தைத் தேடிப் பழைய மட்கையும் உடைக்கத் தொடங்குகின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஓக் புதர்க்காட்டில் ஆறாண்டுகள் நடந்த சோதனையில், கூடுதல் வாயுவால் செடிகளும் மரவேர்களும் சேர்த்த கரிமத்தில் சுமார் பாதிக்கு ஈடான அளவை மண் இழந்திருந்தது. பயிருக்கு நண்பன் என்று நாம் கொண்டாடும் வேர்ப்பூஞ்சைகளும் கரியமில வாயு கூடும்போது மட்கு சிதையும் வேகத்தைத் தூண்டிவிடுவதாக வடக்கு கரோலினா ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். 108 சோதனைகளை அலசி 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, செடி மிக நன்றாகத் தழைத்த இடங்களில் மண் கரிமம் குறைவதையும், செடி அவ்வளவாகத் தழைக்காத இடங்களில் மண் கரிமம் கூடுவதையும் கண்டது. தழைக்கத் தேவையான தழைச்சத்தை மட்கை உடைத்துத்தானே எடுக்க வேண்டியிருக்கிறது! இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இலாபம் என்று எழுதும் கணக்கு பெரும்பாலும் ஒரே காசை இரண்டு முறை எண்ணுகிறது.

சோற்றுத் தட்டிலும் இதன் சாயல் விழுகிறது. ஜப்பானிலும் சீனாவிலும் 18 நெல் ரகங்களைக் கூடுதல் கரியமில வாயுவில் வளர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில் அரிசியின் புரதம் சராசரியாக 10 சதவீதம், இரும்புச்சத்து 8 சதவீதம், துத்தநாகம் 5 சதவீதம் குறைந்தன. ஃபோலேட் என்ற பி9 வைட்டமின் 30 சதவீதம் குறைந்தது. மாவுச்சத்து கூடியதால் மற்றவை நீர்த்துப்போனதும், இலைத்துளை சுருங்கியதால் வேர் உறிஞ்சும் நீர் குறைந்ததும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். எல்லாவற்றையும் நுண்ணுயிர்கள் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் சர்க்கரையின் வேகத்துக்கு ஈடாக மண்ணிலிருந்து சத்து மேலேறவில்லை என்பது இங்கேயும் அதே கதைதான்.

சோதனைகளை நம்பலாமா?

இந்த ஆய்வுகள் அனைத்துக்கும் எதிராக வைக்கப்படும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இயற்கையில் கரியமில வாயு ஆண்டுக்கு இரண்டு மூன்று பங்காக மெல்லக் கூடுகிறது. சோதனையிலோ ஒரே நாளில் 200 பங்கு தாவுகிறது. அந்த அதிர்ச்சியைத்தான் நீங்கள் அளக்கிறீர்களோ? 2005-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சோதனை இந்த ஐயத்துக்கு உயிர்கொடுத்தது. ஆறாண்டுகளில் 21 தலைமுறைகளாக வளர்த்த புல்லுக்கு வாயுவைப் படிப்படியாகக் கூட்டியபோது வேர்ப்பூஞ்சைகளின் வகைகள் பெரிதாகக் குறையவில்லை. ஒரேயடியாகக் கூட்டியபோதுதான் குறைந்தன. இந்த ஆட்சேபத்தை மதிக்க வேண்டும். 42 சதவீதம், 25 சதவீதம் என்ற எண்களை நாளைய வயலுக்கு அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது என்பது இதன் பாடம். ஆனால் எந்தெந்தப் பூஞ்சை வகை தங்கும் என்பது வேறு, எவ்வளவு சர்க்கரை கீழே இறங்கும் என்பது வேறு. இரண்டாவது, இலையின் ஒளிச்சேர்க்கையைத் தொடர்ந்து வருவது. மெல்லக் கூடினாலும் கூடியே தீரும். அதற்கு ஈடான தழைச்சத்து மண்ணில் இருக்கிறதா என்ற கேள்வியும் மெல்ல வந்தாலும் வந்தே தீரும். எண்கள் மாறலாம், பேரத்தின் விதி மாறாது.

கண்ணாடிக் குடில் உதாரணத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். குடிலுக்குள் தக்காளிக்குத் தேவையான சத்துகளைக் கரைசலாக அளந்து கொடுக்கிறார்கள். அங்கே செடி மண்ணோடு பேரம் பேச வேண்டியதே இல்லை. மானாவாரி நிலத்திலும் சேற்று வயலிலும் அந்த வசதி கிடையாது. சத்தையும் அளந்து கொடுக்கும் இடத்துப் பலனைச் சத்து தேடி அலையும் இடத்துக்கு வாக்குறுதியாகத் தருவது நேர்மையல்ல.

நம் வயலுக்கு என்ன சேதி?

யூரியாவை இன்னும் அள்ளிக் கொட்டினால் தழைச்சத்துக் குறை தீராதா என்று கேட்கலாம். தீரும், ஓரளவு. ஆனால் வேரடியில் சர்க்கரையும் ஈரமும் நைட்ரேட்டும் ஒருசேர மிகுந்தால், அந்த நைட்ரேட்டை நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாக்கிவிடும் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டக்கூடியது. பயறுவகையோ தன் சர்க்கரையைச் செலவழித்துத் தன் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்கிறது. காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது நின்ற பயிருக்குள்ளேயே, மெழுகுப் பதத்தில் இருக்கும் ஈர மண்ணில் உளுந்தையும் பயறையும் விதைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அறுவடை முடிந்த தாளுக்கிடையே, மிச்ச ஈரத்திலேயே அது வளர்ந்துவிடும். நடவுக்கு முன் தக்கைப்பூண்டும் சணப்பும் வளர்த்து மடக்கி உழுவதும் அப்படியே. எஷிகோன் வயலில் குளோவர் செய்து காட்டிய வேலையின் நம்மூர் வடிவங்கள் இவை. கரியமில வாயு கூடும் உலகில் இவற்றின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

நீருக்கும் அதே நியாயம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது என்ற சொல் நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சும் முறையாக அது இன்று பரிந்துரைக்கப்படுகிறது. சேறு வெடிக்கும் முன் காற்று உள்ளே புகும் அந்தச் சில நாட்கள் மீத்தேன் செய்யும் ஆர்க்கியாக்களுக்குப் பட்டினி நாட்கள். இதனால் மீத்தேன் பாதி அளவுக்குக்கூடக் குறைவதுண்டு. நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடலாம் என்பதால் உரமிடும் நேரத்தையும் அளவையும் கூடவே பார்த்துக்கொள்ள வேண்டும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற நுண்ணுயிர் உரப் பொட்டலங்களை வாங்கி இடுவதும் நல்லதே. ஆனால் தொழுவுரமும் தழையுரமும் காணாத மண்ணில் விட்ட விருந்தாளி எத்தனை நாள் தங்குவார்?

இவற்றை விவசாயி மட்டும் சுமக்க முடியாது. புது நெல் ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கதிரின் எடையோடு வேரின் நடத்தையையும் பார்ப்பது ஆராய்ச்சி நிலையங்களின் வேலை. இலையில் தொடங்கி நெற்களத்தில் முடியும் விளைச்சல் கணிப்புகளில் மண்ணின் தழைச்சத்தையும் மட்கையும் மீத்தேனையும் சேர்த்து எழுதுவது அரசுகளின் வேலை. திட்டமிட்ட பத்தாண்டு, இருபதாண்டுச் சோதனைகள் வெப்பமண்டல மண்ணில் அதிகம் வேண்டும். சீடர் கிரீக் புல்வெளி பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் தன் மறுபக்கத்தைக் காட்டியது. காற்றில் கூடிய கரியமில வாயுவை நாம் கேட்டு வாங்கவில்லை, நினைத்த மாத்திரத்தில் குறைக்கவும் முடியாது. அது வேருக்குக் கீழே போய் எதுவாக மாறும் என்பதில் மட்டும் நமக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. அந்தப் பிடி உளுந்து விதையிலும், தழையுரத்திலும், வயலில் பதித்த ஒரு துளைக்குழாயிலும் இருக்கிறது. "கரியமில வாயு பயிருக்கு நல்லது" என்று அடுத்த முறை யாராவது சொன்னால், அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த மண்ணில்?